பாஸ்போர்ட்ல ஒரு பேரு, மனசுல ஒரு பேரு: குடியுரிமையும் தேசிய அடையாளமும், பிரிட்டனை வச்சு ஒரு விளக்கம்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒன்னு எப்பவாவது கையில கிடைச்சா போட்டோ இருக்கற பக்கத்தை பாருங்க. நேஷனாலிட்டிங்கற இடத்துல "பிரிட்டிஷ் சிட்டிசன்"னு இருக்கும். அந்த ஆள் கிளாஸ்கோவுல பிறந்து, நான் ஸ்காட்டிஷ், பிரிட்டிஷ் கிடையாதுன்னு ஆயுசு பூரா சொல்றவரா இருந்தாலும் அதே வரிதான், வேல்ஸ்ல வெல்ஷ் மொழி பேசற வீட்டுல வளர்ந்தவரா இருந்தாலும் அதே வரிதான், லண்டன் ஈஸ்ட் ஹாம்ல யாழ்ப்பாணத்து அப்பா அம்மாவுக்கு பிறந்து குடியுரிமை வாங்கினவரா இருந்தாலும் அதே வரிதான். ஸ்காட்டிஷ் சிட்டிசன், வெல்ஷ் சிட்டிசன், இங்கிலீஷ் சிட்டிசன்னு ஒன்னு சட்டத்துல எங்கயுமே கிடையாது. பாஸ்போர்ட்டோட உள்பக்கத்துல நாட்டோட பேரை வெல்ஷ்லயும் ஸ்காட்டிஷ் கேலிக்லயும் சேர்த்தே அச்சடிச்சிருப்பாங்க, அதாவது அந்த மக்கள் இருக்காங்கன்னு அரசாங்கத்துக்கு நல்லாவே தெரியும், ஆனா ஆளோட நேஷனாலிட்டின்னு வரும்போது மட்டும் எல்லாருக்கும் ஒரே பேரு.

இதுல குழப்பமே வேண்டாம், ரெண்டு தனித்தனி கேள்வி இருக்கு. எந்த அரசு உங்களை தன்னோட ஆளா ஏத்துக்குது, எந்த அரசு உங்களுக்கு பாஸ்போர்ட் தரும், எந்த ஊர் ஏர்போர்ட்ல உங்களை திருப்பி அனுப்ப முடியாதுங்கறது ஒரு கேள்வி. இது குடியுரிமை, இதுக்கு பதில் சட்டப் புத்தகத்துல இருக்கு, உங்க அபிப்பிராயத்தை யாரும் கேக்கறதில்ல. நீங்க எந்த மக்களோட சேர்ந்த ஆளுன்னு உங்களை நீங்களே நினைக்கறீங்கங்கறது இன்னொரு கேள்வி. இது தேசிய அடையாளம், இதுக்கு பதில் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. ஒரே மக்கள் ஒரே அரசுன்னு இருக்கற இடத்துல ரெண்டு பதிலும் ஒன்னாவே வந்துடும், அதனால அங்க இருக்கறவங்க இப்படி ரெண்டு கேள்வி இருக்குன்னே யோசிக்க மாட்டாங்க. ஒரே அரசுக்குள்ள பல தேசிய இனங்கள் இருக்கற இடத்துலதான் ரெண்டும் பிரியும். ஸ்பெயின்ல கேட்டலான்காரங்க, பாஸ்க்காரங்க, பெல்ஜியத்துல ஃபிளெமிஷ்காரங்க, இப்படி நிறைய இடம் இருக்கு, ஆனா புதுசா படிக்கறவங்களுக்கு பிரிட்டன்தான் நல்ல உதாரணம்னு நான் நினைக்கறேன், ஏன்னா அங்க இந்த ரெண்டு கேள்வியும் சென்சஸ்ல, ஃபுட்பால்ல, கோர்ட்ல, தேர்தல்லன்னு எல்லா இடத்துலயும் வெளிப்படையாவே மோதிக்குது.

வரலாறை சுருக்கமா சொல்லிடறேன். வேல்ஸை 16ஆம் நூற்றாண்டுல எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டங்கள் மூலமா இங்கிலாந்தோட சேர்த்துட்டாங்க. ஸ்காட்லாந்து 1707ல ஒப்பந்தம் போட்டு சேர்ந்துச்சு, பார்லிமென்ட் போச்சே தவிர அவங்க சட்டமுறை, சர்ச், பள்ளிக்கூட முறை மூணையும் தனியாவே வச்சுக்கிட்டாங்க, இன்னிக்கும் ஸ்காட்லாந்து கோர்ட்ல நடக்கற சட்டம் வேற. அயர்லாந்து 1801ல சேர்க்கப்பட்டு, 1922ல பெரும்பகுதி தனியா போயிடுச்சு, வடக்குல ஆறு மாவட்டம் மட்டும் பிரிட்டனோடயே நின்னுச்சு. அதான் இன்னிக்கு அந்த அரசோட முழுப்பேரு "கிரேட் பிரிட்டன் மற்றும் வடக்கு அயர்லாந்து ஐக்கிய ராஜ்ஜியம்". ஒரு அரசு, ஒரு ராஜா, ஒரு பாஸ்போர்ட், ஆனா நாலு நாடுன்னு அங்க இருக்கறவங்களே சொல்வாங்க.

நம்ம ஊர்ல இதெல்லாத்தையும் மொத்தமா இங்கிலாந்துன்னு சொல்லிப் பழகிட்டோம். ஆனா நமக்கு ரொம்ப தெரிஞ்ச சில பேர் இங்கிலீஷ்காரங்களே கிடையாது. சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உக்காந்திருக்கற தாமஸ் மன்றோ கிளாஸ்கோவுல பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். சுவடிகளையும் கல்வெட்டுகளையும் தேடித்தேடி சேர்த்த காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தோட வடமேற்குல லூயிஸ் தீவுல இருக்கற ஸ்டோர்னோவேக்காரர். மெரினாவுல சிலையா நிக்கற, திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில வாழ்ந்த கால்டுவெல்லை எடுத்துக்குங்க: 1814ல பிறந்தது அயர்லாந்துல ஆன்ட்ரிம் மாவட்டத்துல, அப்பா அம்மா ஸ்காட்டிஷ், வளர்ந்தது கிளாஸ்கோவுல, கடைசியில பிஷப் ஆனது இங்கிலாந்து திருச்சபையில. அன்னைய சட்டத்தைக் கேட்டா ஒரே வரியில முடிச்சிடும், அவர் பிரிட்டிஷ் பிரஜை. அவரோட அடையாளம் என்னன்னு கேட்டா அந்த ஒரு வரி பத்தவே பத்தாது, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து சர்ச், அதோட தமிழ்நாட்டுல வாழ்ந்த வாழ்க்கைன்னு எல்லாத்தையும் சொல்லணும்.

இப்ப சென்சஸுக்கு வரேன், எனக்கு இதுலயே ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். பிரிட்டன்ல மக்கள்கிட்ட "உங்க தேசிய அடையாளம் என்ன"ன்னு நேரடியா சென்சஸ்ல கேட்டது 2011லதான். ஸ்காட்லாந்து ஃபார்ம்ல கேள்வியே "உங்க தேசிய அடையாளம் எதுன்னு நீங்க உணர்றீங்க"ங்கற மாதிரிதான் இருக்கும். அதாவது ஆதாரம் கேக்கல, பிறப்புச் சான்றிதழ் கேக்கல, என்ன உணர்றீங்கன்னு கேக்கறாங்க. எத்தனை கட்டத்துல வேணா டிக் அடிக்கலாம். பதில் எப்படி வந்துச்சுன்னா, ஸ்காட்லாந்துல 2011ல ஸ்காட்டிஷ் மட்டும்னு சொன்னவங்க 62 சதவீதம், பிரிட்டிஷ் மட்டும்னு சொன்னவங்க வெறும் 8 சதவீதம், ரெண்டும்னு சொன்னவங்க 18. அங்க அடுத்த சென்சஸ் 2022ல எடுத்தாங்க, அதுல ஸ்காட்டிஷ் மட்டும் 65க்கு மேல, பிரிட்டிஷ் மட்டும் கிட்டத்தட்ட 14, ரெண்டும்னு சொன்னவங்க 8க்கு இறங்கிட்டாங்க. இடையில ஸ்காட்லாந்து தனி நாடாகணுமான்னு 2014 வாக்கெடுப்பும், பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறணுமான்னு 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பும் நடந்திருக்கு, நடுவுல நின்னவங்க ரெண்டு பக்கமும் விலகிப் போயிருக்காங்கன்னுதான் நான் இதைப் படிக்கறேன்.

இங்கிலாந்து பக்கம் வந்த நம்பர் இன்னும் ஆச்சரியம். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த கணக்குல 2011ல இங்கிலீஷ் மட்டும்னு சொன்னவங்க 57.7 சதவீதம், பிரிட்டிஷ் மட்டும் 19.1. பத்து வருஷம் கழிச்சு 2021ல அது அப்படியே தலைகீழா மாறிடுச்சு, இங்கிலீஷ் மட்டும் 14.9, பிரிட்டிஷ் மட்டும் 54.8. பத்து வருஷத்துல கோடிக்கணக்கான பேர் மனசு மாறிட்டாங்களா? இல்ல. 2011 ஃபார்ம்ல இங்கிலாந்துல "இங்கிலீஷ்"ங்கற கட்டம் மேல இருந்துச்சு, 2021ல "பிரிட்டிஷ்"ஐ மேல கொண்டு வந்துட்டாங்க, நிறைய பேர் முதல் கட்டத்துல டிக் அடிச்சிட்டு போயிட்டாங்க, மாற்றத்துக்கு இது பெரிய காரணமா இருக்கும்னு புள்ளியியல் அலுவலகமே சொல்லிடுச்சு. வேல்ஸ் ஃபார்ம்ல ரெண்டு தடவையும் "வெல்ஷ்"தான் முதல் கட்டம், அங்க வெல்ஷ் மட்டும்னு சொன்னவங்க 57.5ல இருந்து 55.2 ஆனாங்க, அவ்வளவுதான்.

இதைப் பார்த்துட்டு அப்ப அடையாளம்ங்கறதே சும்மா, ஃபார்ம்ல எது மேல இருக்கோ அதுதான்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அது சரியாப் படல. இங்கிலாந்துல இருக்கற பெரும்பாலானவங்களுக்கு இங்கிலீஷும் பிரிட்டிஷும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு, அவங்கதான் அந்த அரசுல பெரும்பான்மை, பிரிச்சுப் பார்க்கற தேவை அவங்களுக்கு வரவே இல்ல, அதனால எந்த கட்டமா இருந்தாலும் பரவால்லன்னு விட்டுடறாங்க. ஸ்காட்லாந்துக்காரங்க, வேல்ஸ்காரங்க அப்படி விட மாட்டாங்க. 2001 சென்சஸ்ல "வெல்ஷ்"னு ஒரு கட்டமே இல்லன்னு வேல்ஸ்ல பெரிய எதிர்ப்பே கிளம்புச்சு, கட்டம் இருக்கா இல்லையாங்கறதே அவங்களுக்கு மானப் பிரச்சினை ஆயிடுச்சு. பல தேசிய இனங்கள் இருக்கற எந்த அரசுலயும் இதைக் கவனிங்க, பெரும்பான்மை மக்களுக்கு இந்த ரெண்டு கேள்வியும் ஒன்னாத்தான் தெரியும், சிறுபான்மை மக்களுக்குத்தான் அது ரெண்டுன்னு தினம் தினம் தெரியும்.

சட்டத்துல ஸ்காட்டிஷ் குடிமகன்னு ஒருத்தர் இல்லாததால என்ன ஆகும்ங்கறது 2014ல நல்லா தெரிஞ்சுது. செப்டம்பர் 18, ஸ்காட்லாந்து தனி நாடாகணுமான்னு வாக்கெடுப்பு. யாருக்கெல்லாம் ஓட்டு? ஸ்காட்லாந்துக்காரங்களுக்குன்னு சொல்லிட முடியாது, ஏன்னா அப்படி ஒரு பட்டியல் எந்த ஆபீஸ்லயும் கிடையாது. அதனால ஸ்காட்லாந்துல குடியிருக்கறவங்களுக்கு ஓட்டுன்னு முடிவு பண்ணாங்க, 16 வயசு ஆகியிருந்தா போதும். விளைவு என்னன்னா எடின்பரோவுல படிச்சுட்டு இருந்த இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்த பையன் காமன்வெல்த் குடிமகன்ங்கற முறையில ஓட்டுப் போடலாம், ஏழு தலைமுறையா ஸ்காட்டிஷா இருந்துட்டு வேலைக்காக லண்டனுக்கு குடிபோனவருக்கு ஓட்டு கிடையாது. நிறைய பேர் இதை அநியாயம்னு சொன்னாங்க, எனக்கு இது நியாயமாத்தான் பட்டுச்சு, யாரு உண்மையான ஸ்காட்டிஷ்னு ரத்தத்தையும் பரம்பரையையும் வச்சு ஒரு அரசு பிரிக்க ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்னு உலகத்துக்கே தெரியும். வேண்டாம்னு 55 சதவீதம், வேணும்னு 45 சதவீதம் வந்து அந்தக் கேள்வி அப்போதைக்கு நின்னுச்சு. வேணும்னு வந்திருந்தா, அன்னிக்கு ஸ்காட்லாந்துல நிரந்தரமா வசிக்கற பிரிட்டிஷ் குடிமக்களும், வேற எங்க இருந்தாலும் ஸ்காட்லாந்துல பிறந்த பிரிட்டிஷ் குடிமக்களும் தானாவே ஸ்காட்டிஷ் குடிமக்கள் ஆயிடுவாங்கன்னு ஸ்காட்லாந்து அரசோட 2013 வெள்ளை அறிக்கை சொல்லியிருந்துச்சு. அதாவது அதுவரைக்கும் வெறும் அடையாளமா இருந்தது ஒரே நாள்ல சட்டப்படி குடியுரிமையா மாறியிருக்கும்.

ஃபுட்பால் ரசிகர்களுக்கு இது இன்னும் சுலபமா புரியும். ஃபிஃபாவுல பிரிட்டனுக்கு ஒரு டீம் கிடையாது, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்துன்னு நாலு டீம், ஏன்னா 1872ல கிளாஸ்கோவுல நடந்த முதல் சர்வதேச மேட்சே ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடினதுதான், ஃபிஃபா பிறக்கறதுக்கு முன்னாடியே இவங்க இருந்தாங்க. ஒலிம்பிக்ஸ்ல மட்டும் ஒரே டீம். சாதாரணமா எந்த நாட்டு பாஸ்போர்ட்டோ அந்த நாட்டுக்கு ஆடலாம்னு விதி, ஆனா இங்க நாலு பேருக்கும் ஒரே பாஸ்போர்ட்ங்கறதால அது உதவாது, அதனால நீங்க அங்க பிறந்திருக்கணும், இல்ல அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ அங்க பிறந்திருக்கணும், இல்ல 18 வயசுக்குள்ள அஞ்சு வருஷமாவது அங்க பள்ளிக்கூடம் படிச்சிருக்கணும்னு அவங்களுக்குள்ளயே தனி விதி வச்சிருக்காங்க. சட்டம் கண்டுக்காம விட்டதை விளையாட்டு சங்கங்கள் உக்காந்து எழுதி வச்சிருக்கு.

இதுவரைக்கும் சொன்னதுல யாருக்கும் பெரிய பாதிப்பு இல்ல, பாஸ்போர்ட் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்னு வாழ்ந்துட்டு போயிடலாம். வடக்கு அயர்லாந்துலதான் அது முடியாம போச்சு.

அங்க ஒரு பெரிய கூட்டம் தங்களை பிரிட்டிஷ்ங்கறாங்க, இன்னொரு பெரிய கூட்டம் ஐரிஷ்ங்கறாங்க, வடக்கு ஐரிஷ்னு மூணாவதா ஒரு கூட்டமும் உண்டு. 2021 சென்சஸ்ல பிரிட்டிஷ் மட்டும் 31.9 சதவீதம், ஐரிஷ் மட்டும் 29.1, வடக்கு ஐரிஷ் மட்டும் 19.8. 1960கள் கடைசியில இருந்து முப்பது வருஷம் ரத்தம் சிந்தி, 3500 பேருக்கு மேல செத்து, கடைசியில 1998 ஏப்ரல் 10 அன்னிக்கு பெரிய வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தாச்சு. அதுல ஒரு வாசகம் இருக்கு, இந்தக் கட்டுரையோட மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு: வடக்கு அயர்லாந்து மக்கள் தங்களை ஐரிஷ்னோ பிரிட்டிஷ்னோ ரெண்டுமாவோ அவங்க விருப்பப்படி அடையாளப்படுத்திக்கறதும் அப்படியே ஏத்துக்கப்படறதும் அவங்க பிறப்புரிமை, ரெண்டு நாட்டு குடியுரிமையையும் வச்சுக்கற உரிமையையும் ரெண்டு அரசும் ஏத்துக்குது. பிரிட்டிஷ் அரசும் ஐரிஷ் அரசும் சேர்ந்து கையெழுத்து போட்ட வாக்கு இது.

ஆனா சட்டம் அந்த வாக்குக்கு ஏத்த மாதிரி மாறல. பெல்ஃபாஸ்ட் ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை பிறக்குதுன்னு வச்சுக்குங்க, அப்பா அம்மா அந்த ஊர்க்காரங்க. 1981 பிரிட்டிஷ் தேசியச் சட்டப்படி அது பிறந்த நிமிஷமே பிரிட்டிஷ் குடிமகன், யாரும் எதுக்கும் விண்ணப்பிக்க வேண்டாம், யாரையும் கேக்கவும் மாட்டாங்க. ஐரிஷ் சட்டம் வேற மாதிரி, நீ ஐரிஷ் குடிமகனா இருக்க உனக்கு உரிமை இருக்கு, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கற மாதிரி ஐரிஷ் குடிமகன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை செஞ்சா போதும், பிறந்ததுல இருந்தே நீ ஐரிஷ் குடிமகன்தான்னு ஏத்துக்கறோம்னு சொல்லுது. ஒரு அரசு கேக்காமலே பேரை எழுதிடுது, இன்னொரு அரசு கதவைத் திறந்து வச்சுட்டு நீயா வான்னு நிக்குது. உடன்படிக்கையோட மனசுக்கு ரெண்டாவதுதான் பொருந்துதுன்னு நான் உறுதியா நம்பறேன்.

எம்மா டிசூசாவோட வழக்கு இங்கதான் வருது. வடக்கு அயர்லாந்துல மகராஃபெல்ட்ல பிறந்தவர், எப்பவுமே ஐரிஷ் பாஸ்போர்ட் மட்டும்தான் வச்சிருந்தார், தன்னை ஐரிஷ்னு மட்டுமே சொல்லிக்கறவர். அமெரிக்கரான ஜேக்கை கல்யாணம் பண்ணிட்டு, 2015 கடைசியில, கணவர் கூடவே இருக்கறதுக்காக ஐரோப்பிய யூனியன் நாட்டு குடிமகளோட கணவர்ங்கற முறையில குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிச்சாங்க. அப்ப அயர்லாந்தும் பிரிட்டனும் ரெண்டுமே யூனியன்ல இருந்துச்சு, யூனியன் விதிகள் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு இருந்த விதிகளை விட சுலபம். உள்துறை மறுத்துடுச்சு. காரணம் என்னன்னா, நீங்க ஐரிஷ் பாஸ்போர்ட் வச்சிருந்தாலும் எங்க சட்டப்படி நீங்க பிரிட்டிஷ், அதனால இந்த வழி உங்களுக்கு கிடையாது, பிரிட்டிஷ் குடிமகளா விண்ணப்பிங்க, இல்ல பிரிட்டிஷ் குடியுரிமையை துறந்துட்டு வாங்க. துறக்கறதுக்கும் ஃபார்ம் இருக்கு, அதுக்கு கட்டணமும் இருக்கு. தன்கிட்ட இருக்கறதாவே ஒருநாளும் நினைக்காத ஒன்னை துறக்க ஒரு மனுஷி காசு கட்டணும், அதுக்கு முன்னாடி எனக்கு இது இருந்துச்சுன்னு கையெழுத்தும் போடணும். அவங்க மறுத்துட்டாங்க.

முதல் தீர்ப்பாயத்துல 2017ல அவங்களுக்கு சாதகமா வந்துச்சு, அரசு மேல்முறையீடு போச்சு, 2019 அக்டோபர்ல மேல் தீர்ப்பாயம் அரசு பக்கம் சொல்லிடுச்சு. அவங்க சொன்ன காரணம் நம்ம தலைப்பையே தொடுது: உடன்படிக்கை பேசறது அடையாளத்தைப் பத்தி, குடியுரிமையைத் தீர்மானிக்கறது 1981 சட்டம், அடையாளத்தைத் தேர்ந்தெடுக்கற உரிமை குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கற உரிமை ஆயிடாது. சட்டத்தை எழுத்து எழுத்தா படிச்சா அந்தத் தீர்ப்புக்கு இடம் இருக்கலாம், ஆனா உடன்படிக்கை வாசகத்துல அடையாளப்படுத்திக்கறதோட நிறுத்தலயே, "ஏத்துக்கப்படறதும்"னு சேர்த்துல்ல எழுதியிருக்கு. நீ எப்படி வேணா உணர்ந்துக்கோ, ஆபீஸுக்கு வந்தா நாங்க சொல்றதுதான்னு ஒரு அரசு சொன்னா அங்க என்ன ஏத்துக்கப்பட்டிருக்கு? எம்மா விடாம பேசிட்டே இருந்தாங்க, விஷயம் அயர்லாந்து, அமெரிக்கா வரைக்கும் போச்சு, 2020 மே மாசம் அரசு குடியேற்ற விதியை மாத்தி, வடக்கு அயர்லாந்து மக்கள் பிரிட்டிஷா இருந்தாலும் ஐரிஷா இருந்தாலும் அவங்க குடும்பத்தை ஐரோப்பிய யூனியன் குடிமக்கள் குடும்பம் மாதிரியே, பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் யூனியன்காரங்க பிரிட்டன்லயே தங்கறதுக்காக வச்ச குடியிருப்புத் திட்டத்துல ஏத்துக்கறோம்னு சொல்லிச்சு. வழக்கை அதோட முடிச்சுக்கிட்டாங்க. 1981 சட்டம் மட்டும் அப்படியேதான் இருக்கு.

இதே வடக்கு அயர்லாந்துல எதிர்ப்பக்கமா ஒரு விஷயமும் நடந்துச்சு. ஐரிஷ் பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க 2011ல சுமார் 3.75 லட்சம், 2021ல 6.14 லட்சம். இத்தனை பேரும் திடீர்னு ஐரிஷா உணர ஆரம்பிக்கல, ஐரிஷ்னு தங்களைச் சொல்லிக்கறவங்க அந்த அளவுக்கு கூடவும் இல்ல. பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் ஐரோப்பாவுக்கு தடையில்லாம போய்வர, வேலை பார்க்க ஐரிஷ் பாஸ்போர்ட் உதவுதுன்னு, பரம்பரையா பிரிட்டிஷ்னு சொல்ற வீடுகள்லயும் வாங்கி வச்சாங்க. ஒருத்தர் கையில இருக்கற பாஸ்போர்ட்டைப் பார்த்து இவர் யாரு பக்கம்னு முடிவு பண்ணக் கூடாதுங்கறதுக்கு இதைவிட தெளிவான சாட்சி வேண்டாம்.

சரி, பிரிட்டன் எல்லாருக்கும் ஒரே பேரு போட்டதாலதானே பிரச்சினை, ஒவ்வொருத்தரோட தேசிய இனத்தையும் அரசே எழுதி வச்சுட்டா தீர்ந்துடுமேன்னு தோணலாம். அதையும் செஞ்சு பார்த்திருக்காங்க. சோவியத் யூனியன்ல 1932ல உள்நாட்டு பாஸ்போர்ட் வந்தப்ப குடியுரிமை எல்லாருக்கும் சோவியத், அதோட தேசிய இனம்னு தனி வரி: ரஷ்யர், உக்ரேனியர், தாத்தார், யூதர்னு. போகப்போக அதை அப்பா அம்மாவைப் பார்த்துத்தான் எழுதணும்னு ஆயிடுச்சு, ரெண்டு பேரும் வேற வேற இனம்னா பிள்ளை 16 வயசுல ரெண்டுல ஒன்னை தேர்ந்தெடுக்கணும், ரெண்டையும் வச்சுக்க முடியாது. அலுவலக ஃபார்ம்கள்ல அது அஞ்சாவது கேள்வியா இருந்ததால அஞ்சாவது வரின்னே அதுக்கு பேரு. அந்த வரியில யூதர்னு இருந்தா பல்கலைக்கழக இடம், வேலைன்னு எத்தனையோ கதவு சத்தமில்லாம மூடிச்சு. அதேசமயம் 1997ல ரஷ்யா புது பாஸ்போர்ட்ல அந்த வரியை எடுத்தப்ப தாத்தார்ஸ்தான்ல எதிர்த்தாங்க, எங்க பேரு இருந்த ஒரே இடத்தையும் அழிச்சுட்டீங்கன்னு. ஒரே வரி, யூதருக்கு பாரம், தாத்தாருக்கு அங்கீகாரம்.

போஸ்னியா இதையும் தாண்டிப் போச்சு. அங்க இனங்களுக்கு நடுவுல நடந்த போரை முடிச்ச 1995 டேட்டன் ஒப்பந்தத்தோட வந்த அரசியல் சட்டப்படி மூணு பேர் சேர்ந்துதான் ஜனாதிபதி பதவி, ஒரு போஸ்னியாக், ஒரு குரோட், ஒரு செர்ப். போரை நிறுத்த அன்னிக்கு அது தேவைப்பட்டுச்சு, நான் மறுக்கல. ஆனா ரோமா இனத்தைச் சேர்ந்த டெர்வோ செய்திச்சும் யூதரான யாகோப் ஃபின்சியும் அந்த நாட்டு குடிமக்களா இருந்தும், மூணுல ஒன்னுன்னு தங்களைச் சொல்லிக்காததால அந்தப் பதவிக்கு நிக்கவே முடியாது. 2009 டிசம்பர்ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, அரசியல் சட்டத்தைத் திருத்தறது மட்டும் வருஷக்கணக்கா இழுத்துட்டே போகுது. அடையாளத்தைக் கேக்காம விட்டா எம்மாவுக்கு நடந்தது நடக்குது, அடையாளத்தை பதவிக்கு தகுதி ஆக்கினா செய்திச்சுக்கு நடந்தது நடக்குது.

குடியுரிமைங்கற பக்கமும் நம்ம நினைக்கற அளவுக்கு கெட்டியான தரை கிடையாது. பிரிட்டிஷ்ங்கற சட்டப் பேருலயே பல ரகம் இருக்கு, ஹாங்காங் மக்களுக்குன்னு கொடுத்த பிரிட்டிஷ் நேஷனல் ஓவர்சீஸ் பாஸ்போர்ட் வச்சிருந்தா நீங்க பிரிட்டிஷ் நேஷனல்தான், ஆனா அதை வச்சு மட்டும் பிரிட்டன்ல குடியிருக்க உரிமை கிடையாது. 1968ல இதைவிட மோசமா ஒன்னு நடந்துச்சு. கென்யாவுல இருந்த இந்திய வம்சாவளிக்காரங்க நிறைய பேர், பெரும்பாலும் குஜராத்திகளும் பஞ்சாபிகளும், சட்டப்படி வாங்கின பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோட அங்க நெருக்கடி வந்தப்ப லண்டனுக்கு கிளம்பினாங்க. பார்லிமென்ட் மூணே நாள்ல ஒரு சட்டம் போட்டு, நீங்களோ அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ பிரிட்டன்ல பிறந்திருந்தா, இல்ல அந்த மாதிரி அங்க நேரடித் தொடர்பு இருந்தாத்தான் கட்டுப்பாடு இல்லாம உள்ள வரலாம்னு மாத்திட்டாங்க. பாஸ்போர்ட் கையிலயே இருந்துச்சு, அதுக்குள்ள இருந்த உரிமை மட்டும் போயிடுச்சு. நீ நம்ம ஆளு மாதிரி தெரியலங்கற எண்ணத்தை சட்ட வாசகமா எழுதினதுதான் அதுன்னு நான் சொல்வேன்.

கென்யாவுல பிறந்த தெற்காசியக் குடும்பத்துப் பெண் ஒருத்தர் ஸ்காட்லாந்துல குடியேறி, பாகிஸ்தான்ல இருந்து வந்தவரை கல்யாணம் பண்ணி, கிளாஸ்கோவுல பெத்த பிள்ளைதான் ஹம்சா யூசஃப். 2016ல ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துல ஷெர்வானியும் ஸ்காட்டிஷ் கில்ட்டும் சேர்த்து உடுத்திக்கிட்டு இங்கிலீஷ்லயும் உருதுலயும் உறுதிமொழி எடுத்தார், 2023ல ஸ்காட்லாந்தோட முதலமைச்சர் ஆனார், அதுவும் ஸ்காட்லாந்து தனி நாடாகணும்னு கேக்கற கட்சிக்குத் தலைவரா. அவரோட பாஸ்போர்ட்லயும் பிரிட்டிஷ் சிட்டிசன்தான்.

அங்க இருக்கற நம்ம ஆட்களும் இதைத்தான் வேற விதமா அனுபவிக்கறாங்க. இங்கிலாந்துல இருக்கற தமிழர்கள் தங்களை பிரிட்டிஷ் தமிழர்னு சொல்வாங்க, இங்கிலீஷ் தமிழர்னு சொல்றதை கேக்கறது அபூர்வம், ஏன்னா பிரிட்டிஷ்ங்கறது அரசு கொடுத்த பேரு, குடியுரிமை வாங்கின யாரும் உரிமையோட எடுத்துக்கலாம், இங்கிலீஷ்ங்கறதுல பிறப்பும் வம்சமும் கலந்திருக்கோன்னு ஒரு தயக்கம். அந்தத் தயக்கம் அடுத்த தலைமுறைக்கு இருக்கணும்னு அவசியம் இல்ல, லண்டன்ல பிறந்த பிள்ளை இங்கிலாந்து ஜெர்ஸியை போட்டுக்கிட்டு நான் இங்கிலீஷ், நான் தமிழ்னு ஒரே மூச்சுல சொன்னா அதுல தப்பு ஒன்னும் இல்ல.

அங்க போய் குடியேறினவங்களோ படிக்கப் போறவங்களோ ஃபார்ம் நிரப்பும்போது குழம்பறாங்க, அவங்களுக்கு ஒரே விஷயம் சொல்றேன். விசா, வங்கி, விமான டிக்கெட், வேலைக்கான ஆவணம், இதுல நேஷனாலிட்டின்னு கேட்டா உங்க பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதை அப்படியே எழுதணும், இந்தியன்னா இந்தியன், ஸ்ரீலங்கன்னா ஸ்ரீலங்கன், பிரிட்டிஷ்னா பிரிட்டிஷ், மனசுல வேற இருந்தாலும் அங்க எழுதினா சிக்கல். சென்சஸ்லயோ அதே மாதிரி கணக்கெடுப்புலயோ தேசிய அடையாளம் என்னன்னு கேட்டா பாஸ்போர்ட்டை தேடி எடுக்கவே வேண்டாம், ஒன்னுக்கு மேலயும் டிக் அடிக்கலாம், கீழ காலியா விட்ட கட்டத்துல நீங்களே எழுதியும் வைக்கலாம், தமிழ்னு எழுதினாலும் அதுக்கு சான்றிதழ் யாரும் கேக்க மாட்டாங்க.